குளிசை குடித்தும் ஏறாத இரத்தம்



கிளினிக் நாட்களில் எல்லாத் தோட்டங்களிலும் காதில் விழும் பேச்சு இது. "நீங்க குளிசைய ஒழுங்கா குடிக்கிறதில்ல தானே? பிறகெப்படி ரத்தம் ஏறும்?" என்று கேட்பார்கள். "இல்லங்க மிஸ், நாள் தவறாம குடிக்கிறேன்" என்பார் அந்தப் பெண். பெரும்பாலும் அவரை யாரும் நம்புவதில்லை.

குளிசை குடித்தால் வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுத்துப் போகிறது என்று பயந்து, அதைப் பெட்டிக்குள் வைத்துவிடும் பெண்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் உண்மையாகவே குடித்தும் இரத்தம் ஏறாத பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இம்மாதம் அவர்களைப் பற்றியே எழுதுகிறேன். யுத்தத்தில் காயப்பட்ட சகோதரிகள் இதை அவசியம் வாசிக்க வேண்டும்.

இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஈமோகுளோபின். குளோபின் என்னும் புரதமும் இரும்பும் சேர்ந்து உண்டாவது அது. நாம் சுவாசிக்கும் ஒட்சிசனை உடம்பெங்கும் சுமந்து செல்வதும் அதுவே. செங்குருதிக் கலங்கள் எலும்பு மச்சையில் உருவாகின்றன. ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 120 நாட்கள் உயிர் வாழும். முதிர்ந்த செங்கலத்துக்குள் கரு கிடையாது. ஆகவே முழுமையாக முதிர்ந்த பிறகு அதனால் புதிதாகப் புரதம் செய்ய முடியாது. வேண்டியதையெல்லாம் அது வளரும் காலத்திலேயே செய்து முடிக்க வேண்டும்.

கொழுந்து வராத நாளில் ஃபெக்டரி ஓடுவதில்லை. மச்சையிலும் அப்படித்தான். இரும்பு வந்து சேராவிட்டால் அந்த இளம் கலம் குளோபின் செய்வதையும் குறைத்துக்கொள்கிறது. இரும்பு சேராத வெறும் புரதம் உள்ளே குவிந்தால் கலமே கெட்டுப் போகும் என்பதால் உடம்பு செய்யும் ஏற்பாடு இது.

ஆனால் குளிசை குடித்துக்கொண்டுதானே இருக்கிறோம், இரும்பு ஏன் வந்து சேரவில்லை?

உடம்பில் எங்காவது ஆறாத புண், கிருமித் தொற்று, மூட்டு வீக்கம் முதலியவை இருந்தால் அதை அழற்சி என்கிறோம். சிவந்து, சூடாகி, வீங்கி, வலிப்பது அதன் வெளி அடையாளம். அப்போது வெண்குருதிக் கலங்கள் விழித்துக்கொண்டு பல புரதங்களைச் சுறுசுறுப்பாகச் செய்யத் தொடங்குகின்றன. இன்டர்லூக்கின் 6 என்பது அவற்றுள் ஒன்று. அது ஈரலுக்குச் செய்தி கொண்டு போக, ஈரல் ஹெப்சிடின் என்ற இன்னொரு பொருளைச் சுரக்கிறது. குடலிலிருந்து இரத்தத்துக்கு இரும்பு வரும் வாசலை ஹெப்சிடின் பூட்டிவிடுகிறது. பழைய செங்கலங்களை உடைத்து எடுத்துச் சேமித்த இரும்பையும் வெளியே வர விடுவதில்லை. இந்த ஹெப்சிடினை விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததே 2000, 2001ஆம் ஆண்டுகளில்தான்.

உடம்பு ஏன் தனக்குத்தானே இப்படிச் செய்கிறது? கிருமிகளும் பெருகுவதற்கு இரும்பு வேண்டும். ஆகவே திருடன் வந்திருக்கிறான் என்று தெரிந்து அரிசிப் பெட்டியைப் பூட்டுவது போல உடம்பு இரும்பைப் பூட்டி வைக்கிறது. நான்கு நாள் காய்ச்சலென்றால் இதனால் குறையொன்றுமில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பூட்டியே கிடந்தால்தான் வீட்டிலுள்ளவர்களும் பட்டினி கிடக்க நேரிடும். போதாததற்கு, அழற்சி நீடிக்கும்போது செங்கலங்களின் ஆயுளும் குறைகிறது. குருதிச்சோகை வந்துவிடுகிறது.

எங்கள் கொஸ்லந்தைப் பக்கத்தில் 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் உண்டு. அவர்களுள் சிலர் 2009இல் யுத்தம் முடிந்த பின் உறவினரைத் தேடி மறுபடி மலைக்கு வந்தார்கள். அப்படி வந்த ஒரு அக்காவின் காலில் ஷெல் துண்டு இருந்தது. புண் மேலே ஆறிவிடும், சில மாதங்களில் மறுபடி சீழ் கட்டும். கிளினிக்கில் இரத்தம் குறைவென்று சொன்னபோதெல்லாம் அவர் இந்தக் காலைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. "அது பழைய காயம் தானே தங்கச்சி, அதுக்கும் ரத்தத்துக்கும் என்ன?" என்பது அவர் எண்ணம். காலைப் பார்ப்பவர்கள் இரத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை, இரத்தத்தைப் பார்ப்பவர்கள் காலைப் பற்றிக் கேட்கவில்லை. எலும்பில் தொற்று இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, அதற்கு நீண்ட நாள் மருந்து கொடுத்த பிறகுதான் அதே குளிசை அவருக்கு வேலை செய்தது.

உடம்பில் துண்டு கிடக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று பயப்பட வேண்டாம். சீழ், வீக்கம், விட்டு விட்டு வரும் காய்ச்சல், பொய்க்கால் உராய்ந்து ஆறாத புண் ஆகியவை இருந்தால்தான் கவனிக்க வேண்டும். காயமே படாதவர்களுக்கும் காசநோய், முடக்குவாதம், சிறுநீரக நோய் இதே வேலையைச் செய்யும். கர்ப்பப்பைத் தொற்றையும் சொல்ல வேண்டும். துர்நாற்றத்தோடு வெள்ளை படுவதையும் அடிவயிற்று வலியையும் நம் பெண்கள் வெட்கத்தால் வருடக்கணக்கில் மறைத்து வைக்கிறார்கள். வெளிச்சமில்லாத லயத்து அறையில், நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் யாரிடம் சொல்வது என்று கேட்டால் என்னிடமும் சுலபமான பதில் இல்லை. குடும்பநல உத்தியோகத்தர் வரும் நாளில் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

"பீட்ரூட் சாப்பிடு, ரத்தம் ஊறும்" என்று ஆலோசனை சொல்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரத்தத்தின் சிவப்புக்கும் உறவில்லை. நெத்தலி, ஈரல், பருப்பு, கீரை நல்லவை. ஆனால் சோற்றோடு பிளேன்டி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்பை அந்தச் சாயமே தடுத்துவிடும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

பரிசோதனை பற்றியும் அறிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் பெண்களுக்குக் குருதிச்சோகை. கர்ப்பிணிகளுக்கு 11, நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5. இது இரத்தம் குறைவு என்று மட்டுமே சொல்லும், ஏன் குறைந்தது என்று சொல்லாது. உடம்பில் இரும்பு சேமிப்பு எவ்வளவு என்று காட்டுவது ஃபெரிட்டின். ஆனால் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டினும் உயர்ந்துவிடும். இரும்பு போதாதவருக்கும் போதுமான அளவு இருப்பது போல் அறிக்கை வரும். அதனால் சுகமாயுள்ள பெண்ணுக்கு லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால்தான் குறைபாடு என்றிருக்க, அழற்சி உள்ளவருக்கு 70க்குக் கீழேயே அப்படிக் கருதலாம் என்று அந்நிறுவனம் 2020இல் வழிகாட்டியது. ஃபெரிட்டினோடு சீ.ஆர்.பீ. பரிசோதனையும் சேர்த்துச் செய்தால் அழற்சி இருக்கிறதா என்று வைத்தியருக்குத் தெரியவரும்.

சிறிய வைத்தியசாலைகளில் இவையெல்லாம் செய்ய முடியாது. பதுளைக்குப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் பேரும் போய்விடும், பஸ் செலவும் இருக்கிறது. ஆகவே போகும் ஒரு நாளிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது நல்லது. எத்தனை மாதமாகக் குளிசை குடிக்கிறீர்கள், எப்போது எங்கே காயம்பட்டது, உள்ளே துண்டு இருக்கிறதா, கடைசியாக எப்போது சீழ் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் எழுதச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது தலசீமியா இருந்தால் அதையும் எழுத வேண்டும். அதிலும் இரும்புக் குளிசையால் இரத்தம் ஏறாது, அளவுக்கு மீறினால் இரும்பு உடம்பில் தேங்கிக் கெடுதி செய்யும்.

இதை வாசித்துவிட்டுக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகள். இரும்புக் குறைபாடும் அழற்சியும் ஒரே பெண்ணிடம் ஒன்றாக இருப்பதும் உண்டு. அப்படியிருந்தால் புண்ணுக்கும் மருந்து வேண்டும், இரும்பும் வேண்டும். எதை முதலில், எவ்வளவு என்பதை வைத்தியர் உங்கள் காயத்தைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். துணியால் மூடிக்கொண்டு போகாமல் அதை அவிழ்த்துக் காட்டுங்கள்.