பின் சொக்கை மாற்றுமுன் ஒரு கணக்கு

காரின் பின்பக்கத்தை இறுக்கினால் கார் வேகமாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை எங்கள் பெடியளிடம் பரவியிருக்கிறது. அது பிழை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். கார் வைத்திருப்பவர்களும், கார் வைத்திருக்கும் பிள்ளைக்குக் காசு அனுப்புபவர்களும் கடைசிவரை வாசியுங்கள்.

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் புதுக் கார் கனவாக இருந்ததால், இருக்கிற காரை மெருகேற்றும் ஆசை வளர்ந்தது. அதில் எங்களுக்குக் கோபம் இல்லை. பழைய ஹொண்டா சிவிக்கையோ சுசுகி ஸ்விப்டையோ வைத்துக்கொண்டு அதன் எலும்பு நரம்பெல்லாம் அறிந்து வைத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது ஆசிரியர்களான எங்களுக்குச் சந்தோசம்தான். பாடத்தில் தூங்கியவன் கூட ஸ்பிறிங்கைப் பற்றிப் பேசும்போது விழித்திருக்கிறான்!

ஆனால் பெரும்பாலும் நடப்பது இதுதான். பஞ்சிகாவத்தையில் இருந்து இறுக்கமான ஒரு சோடி ஸ்பிறிங் வருகிறது. அல்லது இருக்கிற ஸ்பிறிங்கையே ஒன்றரைச் சுற்று வெட்டிவிடுகிறார்கள். பழைய சொக் அப்சோபர் அப்படியே இருக்கிறது. புஷ்கள் வெடித்தது வெடித்தபடி. பின்பக்கம் இரண்டு அங்குலம் பதிந்துவிட்டது, பார்க்க அழகாக இருக்கிறது, வேலை முடிந்தது என்கிறார்கள்.

உயர்தரத்தில் எளிமை இசை இயக்கம் படித்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்பிறிங்கின் விறைப்பை இரண்டு மடங்காக்கினால் அதன் மேல் இருக்கும் பாரம் துள்ளும் வேகம் இரண்டின் வர்க்கமூலத்தால், அதாவது ஏறத்தாழ 1.4 மடங்கால் கூடும். அந்தத் துள்ளலை முன்பு போலவே அடக்க வேண்டுமானால் சொக்கின் தணிப்பும் அதே 1.4 மடங்கு கூட வேண்டும். ஸ்பிறிங்கின் வேலை சக்தியைச் சேமித்துத் திருப்பிக் கொடுப்பது. சொக்கின் வேலை அந்தச் சக்தியை வெப்பமாக்கித் தொலைப்பது. ஒன்றை மாற்றி மற்றதை விட்டால், பள்ளத்தில் விழுந்த சில்லு எழும்பி, திரும்ப விழுந்து, மறுபடி எழும்பும். சில்லு றோட்டைத் தொடாத அந்த நேரத்தில் பிறேக்கும் இல்லை, பிடியும் இல்லை. ஓட்டுபவருக்கோ கார் 'டைட்டாக' இருப்பது போலத் தோன்றும். ஆபத்தே அந்தத் தோற்றத்தில்தான் இருக்கிறது.

இது எங்கள் ஊருக்குப் புதிய கலை இல்லையே, பழைய கராஜ்காரர்கள் இதையெல்லாம் செய்தவர்கள்தானே என்று கேட்பீர்கள். உண்மை. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த ஊர் இது. அந்தக் காருக்குப் பின்னால் வில்லுத் தகடு. பாரம் ஏற்ற ஒரு தகடு கூட்டினார்கள், கார் தாங்கியது. ஆனால் அடுக்கிய தகடுகள் ஒன்றோடொன்று உரசும். அந்த உராய்வே துள்ளலை ஓரளவு அடக்கும். தகடு கூட்டும்போது விறைப்போடு சேர்ந்து உராய்வும் கூடியது. இன்றைய சுருள் ஸ்பிறிங்கில் அந்த உராய்வு இல்லை. துள்ளலை அடக்கும் பொறுப்பு முழுவதும் சொக்கின் தலையில். அந்தக் காலத்துக் கைப்பழக்கத்தை இந்தக் காலத்துக் காரில் அப்படியே பாவிக்க முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது அன்டி ரோல் பார். பின்னுக்குத் தடித்த பார் பூட்டினால் வளைவில் கார் சரியாது, முன்சில்லால் இழுபடும் கார் கூட 'சொன்னபடி திரும்பும்' என்கிறார்கள். அதுவும் உண்மை. ஆனால் அது ஏன் திரும்புகிறது? வளைவில் பாரம் வெளிப்பக்கச் சில்லுக்கு மாறும். பின்பக்கம் இறுக இறுக அந்த மாற்றத்தில் பெரும்பங்கைப் பின் அச்சு வாங்கிக்கொள்ளும். ரயரில் பாரம் இரண்டு மடங்கானால் பிடி இரண்டு மடங்காவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். ஆகவே இரண்டு பின் ரயர்களும் சேர்ந்து தரும் பிடி குறைகிறது. கார் திரும்புவது முன்பக்கம் கூடுதலாகப் பிடிப்பதால் அல்ல, பின்பக்கம் வழுக்கத் தயாராக இருப்பதால். பந்தயத் திடலில் அது ஒரு கருவி. கார்த்திகை மழையில், வளைவின் நடுவில் ஒரு மாடு நிற்கக் கண்டு அக்சிலறேற்றரில் இருந்து காலை எடுக்கும்போது அதே கருவி வாலைச் சுழற்றிவிடும்.

பெரிய கம்பனிகளுக்கே இது நடந்திருக்கிறது. 1960 மொடலாக வந்த செவ்ரலே கோர்வெயர் காரின் பின் சஸ்பென்சனைக் கண்டித்து ரால்ப் நாடர் 1965இல் எழுதிய புத்தகம் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கே ஒரு காரணமாயிற்று. அந்தக் கார் அக்காலத்து மற்றக் கார்களைவிட மோசமில்லை என்று பின்னர் 1972இல் அரசாங்கச் சோதனை சொன்னது வேறு கதை. ஆனால் கம்பனியே 1964லும் 1965லும் அந்தச் சஸ்பென்சனை மாற்றிவிட்டிருந்தது. 1998இல் வந்த ஓடி ரிரி காரும் அப்படித்தான். ஜேர்மனியின் நெடுஞ்சாலைகளில் அதிவேகத்தில் நிலைதவறிய விபத்துகளில் உயிர்கள் போன பிறகு, விற்ற கார்களைத் திருப்பி அழைத்து, சஸ்பென்சன் பாகங்களை மாற்றி, பின்னுக்கு ஒரு சிறகும் ஈ.எஸ்.பி.யும் பூட்டிக் கொடுத்தார்கள். சோதனைத் திடலும் பொறியியலாளர் படையும் வைத்திருந்தவர்களுக்கே தப்பிய கணக்கு, ஒரு பின்னேரத்தில் ஜக்கில் தூக்கிவைத்துச் செய்யும் வேலையில் தப்பாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அப்படியானால் ஒன்றும் செய்யக் கூடாதா? தாராளமாகச் செய்யலாம். ஒழுங்குமுறையில் செய்யுங்கள்.

முதலில் ரயர். நல்ல ரயரும் சரியான காற்றும் தரும் பிடியை எந்த ஸ்பிறிங்கும் தராது. பிறகு தேய்ந்த புஷ்ஷையும் ஒழுகும் சொக்கையும் மாற்றுங்கள். சொக்கை எப்போதும் சோடியாக மாற்ற வேண்டும். ரப்பர் புஷ் பூட்டும்போது கார் ஜக்கில் தொங்கும் நிலையில் கடைசி இறுக்கம் இறுக்கக் கூடாது. கார் தன் பாரத்தில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுகிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும். பொலியூரித்தேன் புஷ் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தொண்ணூறுகளின் சிவிக்கில் பின் றெயிலிங் ஆம் புஷ் பல திசைகளில் அசைய வேண்டியது. அந்த இடத்தில் விறைப்பான புஷ் போட்டால் முழுச் சஸ்பென்சனுமே இறுகிச் சிக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்த ஸ்பிறிங்கும் சொக்கும் சேர்த்து வாங்குங்கள். ஸ்பிறிங்கை வெட்டாதீர்கள். வெட்டிய ஸ்பிறிங் சில்லு தொங்கும்போது இருக்கையை விட்டுக் கழரலாம். காஸ் சுவாலையில் வெட்டினால் உருக்கின் பதமும் போய்விடும். அன்டி ரோல் பார் கடைசி. அளவு மாற்றக்கூடியதை வாங்கி, மிக இளகிய நிலையில் இருந்து தொடங்குங்கள். எல்லாம் முடிந்தபின் அலைன்மென்ட். பதித்த பல கார்களில் பின்சில்லுகள் மேலே உள்நோக்கிச் சாய்ந்து, ரயரின் உள்விளிம்பு சத்தமில்லாமல் தேயும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வடக்கில் அதிவேக நெடுஞ்சாலை இல்லை. ஏ9 காப்பெற் வீதிதான். ஆனால் ஊருக்கு வெளியே காருக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் 70 கிலோமீற்றர். வீட்டுக்குத் திரும்புவதோ குண்டும் குழியுமான ஒழுங்கையால். பண்ணைப் பாலத்தையும் பொன்னாலைப் பாலத்தையும் தாண்டித் தீவுப்பகுதிக்குப் போனால் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். இந்த மண்ணுக்கு வேண்டியது கொஞ்சம் இளகிய, நன்றாக அடங்கிய சஸ்பென்சன். போட்டி ஓட்டம்தான் ஆசையென்றால் நுவரெலியாவில் 1934 முதல் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி இருக்கிறது. தலைக்கவசமும் அம்புலன்சும் உள்ள இடத்தில் ஓடுங்கள். வடக்கிலும் அப்படி ஓர் இடம் வேண்டுமென்று கேளுங்கள், நாங்களும் சேர்ந்து கேட்கிறோம்.

வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். தம்பி ஸ்பிறிங்குக்குக் காசு கேட்டால், ரயர் எப்போது மாற்றினாய் என்று முதலில் கேளுங்கள். கராஜ் நடத்தும் சகோதரர்களுக்கும் ஒன்று. அரைகுறைத் தொகுதியைப் பூட்டித் தரச் சொல்லி வருபவனிடம் 'முடியாது தம்பி' என்று சொல்லுங்கள். ஒரு நாள் வியாபாரம் போகலாம். ஆனால் அந்தக் காரின் பின் ஆசனத்தில் நாளைக்கு அவனுடைய உம்மாவோ அம்மாவோ இருக்கப் போகிறார்.

எங்கள் பங்கும் இருக்கிறது. 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கலாம். ஹூக்கின் விதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அலகுக்குப் போகாமல், பிள்ளைகளை ஒரு கராஜுக்குக் கூட்டிப்போய்க் காரின் அடியில் அதைக் காட்டுவது ஆசிரியர்களால் முடியாத காரியம் அல்ல. சோதனைக்கு வரும் கேள்விக்கு விடை தெரிந்த பிள்ளைக்கு, தன் உயிர் தொங்கும் ஸ்பிறிங்கின் கணக்குத் தெரியாமல் போனால் நாங்கள் படிப்பித்ததில் அர்த்தமில்லை.

உங்கள் காரின் பின்பக்கத்தில் என்ன மாற்றினீர்கள், அதற்கு முன் என்ன பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். மெக்கானிக் சகோதரர்கள் நாங்கள் விட்டதைச் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. எல்லோருக்கும் பயன்படும், இன்ஷா அல்லாஹ்.