சேகரித்தவர் இருக்கும்போதே

சாரல் காலத்தில் குற்றாலம் ஐந்தருவிக்கு வருகிறவர்களில் நம் அருங்காட்சியகத் துறையினரும் உண்டு. குளித்து முடித்து, குற்றாலநாதர் கோயிலும் சித்திரசபையும் பார்த்து, தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தையும் சுற்றிவிட்டு ஊர் திரும்புகிறோம். பக்கத்து ஊர்களில் வீட்டுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று விசாரிப்பதில்லை. தென்காசி பிற்காலப் பாண்டியரின் தலைநகர். பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கியது 1446இல். இப்படிப்பட்ட ஊரைச் சுற்றி ஓலைச்சுவடியும் காசும் பழைய பத்திரமும் பித்தளைச் சாமானும் சேர்த்து வைத்திருப்பவர்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். அந்தச் சேகரிப்புகளில் ஒன்றாவது ஊருக்கான அருங்காட்சியகம் ஆகுமா என்பதை யோசிக்கும்போதெல்லாம் கோட்டையூர்தான் நினைவுக்கு வருகிறது.

காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சேகரித்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். பல்கலைக்கழகப் பதவியோ அரசு மானியமோ பின்னால் நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களோடு, அன்றைக்கு எந்த நூலகமும் பொருட்படுத்தாத நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கலியாணப் பத்திரிகை போன்றவற்றையும் விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபோது நூல்கள், இதழ்கள், துண்டுத்தாள்கள் எல்லாம் சேர்ந்து சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் அந்த வீட்டில் இருந்தன. அவற்றை வாங்க முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம். நாட்டை விட்டு எடுத்துப் போகாமல் சென்னையிலேயே வைப்பது என்று முடிவாகி, 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. பட்டியலும் நுண்படமும் எடுக்கப்பட்டு, இன்று தமிழ் ஆய்வுக்கு அது இன்றியமையாத இடம்.

சேகரிப்பு பிழைத்தது. அது பெரிய காரியம், எடுத்துச் செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் கோட்டையூரில் அது இல்லை. எந்தப் புத்தகம் எந்த வீட்டுப் பரணிலிருந்து வந்தது, யார் கொடுத்தார், எதற்காக அதை எடுத்து வைத்தார் என்று முத்தையாவிடமே கேட்டு எழுதும் காலமும் 1992உடன் முடிந்துவிட்டது. அச்சு நூலுக்கு இதனால் வரும் நட்டம் குறைவு. தலைப்புப் பக்கம் பாதிக் கதையைச் சொல்லிவிடும். புழங்கு பொருளுக்கு அப்படி இல்லை. ஒரு பித்தளை மரக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். அது கோயில் களஞ்சியத்து மரக்காலா, பண்ணை வீட்டில் கூலி அளந்ததா, கடைத்தெருவில் இருந்ததா? எந்த ஊர் அளவு? கொடுத்த குடும்பம் அதை எப்போது கைவிட்டது? இவை தெரியாவிட்டால் காட்சிப்பேழைக்குள் இருப்பது வெறும் பித்தளைப் பாத்திரம். சேகரித்தவரின் ஞாபகத்தில் இருப்பதுதான் சேகரிப்பின் பாதி மதிப்பு.

இதற்கு மாறாக, புனேயில் தினகர் கேல்கர் 1975இல், தாம் நன்றாக இருக்கும்போதே, தம் சேகரிப்பை மகாராஷ்டிர அரசின் தொல்லியல் துறையிடம் ஒப்படைத்தார். விளக்கு, பாக்குவெட்டி, வெற்றிலைப் பெட்டி, மைக்கூடு என்று வீட்டுப் பொருள்களை ஊர் ஊராக அலைந்து சேர்த்தவர். சிறு வயதில் இறந்த மகன் ராஜாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது அந்த அருங்காட்சியகம். கேல்கர் மறைந்தது 1990இல். கொடுத்த பிறகும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருந்தார் என்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு!

எழுதி வைத்த பதிவுதான் நிலைக்கும் என்பதற்கு நம் தாமிரபரணிக் கரையிலேயே சான்று உண்டு. ஆதிச்சநல்லூரில் 1876இல் தோண்டிய யாகோர், கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு வந்த அலெக்சாண்டர் ரீ எடுத்த பொருள்களுக்கு 1915இல் அச்சான பட்டியல் இருக்கிறது. நூறாண்டு கழித்தும் ஆய்வாளர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

சேகரிப்பாளர்கள் நம்மிடம் வாய் திறக்கத் தயங்குவதற்குக் காரணம் பயம். சொன்னால் அரசு எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு கடந்த சிற்பம், ஓவியம் முதலியவற்றைப் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவு செய்வதால் உடைமை கைமாறுவதில்லை. மண்ணுக்குள் கிடைத்த புதையலுக்கு 1878ஆம் ஆண்டுச் சட்டம் தனி. இந்த வேறுபாட்டைப் பொறுமையாக எடுத்துச் சொல்வது காப்பாட்சியரின் வேலை. கோயில் திருமேனி என்று ஐயம் எழும் பொருளைத் தொடாமல், வந்த வழியைக் கேட்பதும் அதே வேலைதான். இதில் தாட்சண்யம் கூடாது.

இன்னொன்று, குற்றாலப் பக்கத்து ஈரம். தென்மேற்குப் பருவம் முழுக்கச் சாரல் அடிக்கும் இடத்தில் ஓலையும் தாளும் பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சி அரிக்கும். கட்டடம் வரும்வரை காத்திருக்க அவற்றால் முடியாது. சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவது, தாளைச் சுவரோடு ஒட்டாமல் வைப்பது போன்றவற்றை வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

கட்டடமும் நிதியும் பதவியும் பிறகு வரட்டும். சேர்க்கைப் பதிவேடு முதலில் வர வேண்டும். பொருளுக்கு ஓர் எண், அளவுகோல் வைத்து ஒரு படம், கொடுத்தவர் ஊர், உள்ளூர்ப் பெயர், புழங்கிய விதம், சேகரித்தவர் குரலிலேயே ஒரு பதிவு. கைப்பேசி போதும். பிள்ளைகள் அருகில் இருக்கும்போது எழுதினால் இன்னும் நல்லது. நாளை கொடைப் பத்திரத்தில் கையெழுத்திடப் போகிறவர்கள் அவர்கள்.

இந்தச் சாரலுக்கு வரும் நண்பர்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். தென்காசியிலோ செங்கோட்டையிலோ கடையநல்லூரிலோ வயதான ஒரு சேகரிப்பாளரின் வீட்டுக்குப் பதிவேட்டோடு போய் உட்காருங்கள். எழுதியதில் ஒரு படியை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.