வரைந்தவர் பேர் எங்கே?



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். நமக்குச் சுவர் இருக்கிறது, சித்திரமும் இருக்கிறது. வரைந்தவர் பேர்தான் இல்லை. இந்தச் சுவர் இதழில் கவிதைக்கும் விடுகதைக்கும் கீழே பேர், வகுப்பு எல்லாம் எழுதுகிறோம். பக்கத்திலேயே இருக்கிற மயில் படத்தை யார் வரைந்தது? தெரியாது. அதிலும் பெண் பிள்ளைகள் வரைந்த படம் என்றால் பேரே இருக்காது. கேட்டால், "பேர் போட்டா பெருமை அடிச்சிக்கிறான்னு சொல்லுவாங்கடி" என்கிறார்கள்.

என் கருத்து, பேர் போடுவது பெருமை இல்லை, பொறுப்பு. மயிலுக்கு மூணு கால் வந்துவிட்டால் பேர் போட்டவள்தான் பதில் சொல்லணும். அதனாலேயே அடுத்த படத்தைக் கவனமா வரைவாள்.

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் குகையில் ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய தாமரைக் குளம் ஓவியம் இருக்கிறது. அதில் தாமரை, மீன், யானை எல்லாம் உண்டு. ஆனால் வரைந்தவர் பேர் இல்லை. நாம் யாரைப் பாராட்டுவது? ஹாலந்து நாட்டு ஓவியர் வான்கோ தன் படங்களில் 'வின்சென்ட்' என்று மட்டும் போட்டார். 1888-ல் அவர் வரைந்த சூரியகாந்திப் படத்தில் அந்தப் பேர் பூச்சாடி மேலேயே இருக்கிறது. அதனால் படம் கெட்டா போச்சு? நம்ம ஊர் ஓவியர் கோபாலன், 'கோபுலு' என்று போட்டுத்தான் பத்திரிகை வாசகர்களுக்குத் தெரிந்தார்.

சரி, எப்படிப் போடலாம்?

1. படம் முடிந்து, கலர் நன்றாகக் காய்ந்த பிறகு போடணும். ஈரத்தில் எழுதினால் மை பரவிவிடும்.

2. கீழே ஓரத்தில் சின்னதாகப் போடணும். முதலில் மயில் தெரியணும், அப்புறம்தான் பேர். ஆனால் விளிம்பில் ஒட்டி எழுதினால் சட்டம் போடும்போது மறைந்துவிடும். ஒரு விரல் இடம் விடுங்கள்.

3. கிறுக்கக் கூடாது, படிக்க வரணும். எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால் இனிஷியல் கட்டாயம்.

4. வருஷம் போடுங்கள். போன வருஷத்துக்கு இந்த வருஷம் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று நமக்கே தெரியும்.

5. காலண்டரைப் பார்த்து வரைந்தால் 'பார்த்து வரைந்தது' என்று எழுதணும். அடுத்தவர் கற்பனைக்கு நம்ம பேர் போடுவது சரியில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓவிய நோட்டில் உங்கள் சிவப்பு மைக் கையெழுத்தைப் படத்தின் பின்பக்கம் போடுங்களேன். முன்பக்கம் வரைந்த பிள்ளையின் பேர் மட்டும் இருக்கட்டும்.

அடுத்த மாத இதழில் எல்லாப் படத்துக்குக் கீழேயும் பேர் பார்க்க ஆசை. முக்கியமா பெண் பிள்ளைகளே, கூச்சப்படாமல் போடுங்கள். கை வலிக்க வரைந்தது நீங்கள்தானே!