சட்டைக்கு ஏழு பழுது, உடம்புக்கு எத்தனை?



ஏற்றுமதிச் சட்டையைத் தரம் பார்க்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏ.க்யூ.எல். என்று பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவம் தளவாடம் வாங்குவதற்கு வகுத்த மாதிரிச் சோதனையிலிருந்து வந்தது. 3000 சட்டை கப்பலேறுகிறதென்றால் 125ஐ உருவிப் பார்ப்பார்கள். வழக்கமான 2.5 அளவில் 7 பழுது வரைக்கும் சரக்கு பாஸ். 8 ஆனால் மொத்தமும் திரும்பும். ஆக, துணிக்கே ஏழு பிழை பொறுக்கிறார்கள். தைத்தவளுக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஒரு பீஸ் ஆல்டர் வந்துட்டா லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி வசவு.

ஊசி சமாச்சாரம் இதைவிட நுட்பம். மிஷினில் ஊசி உடைந்தால் அத்தனை துண்டையும் தேடியெடுத்து நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. துண்டு கிடைக்கலைன்னா அங்கே கிடக்கிற துணியெல்லாம் மெட்டல் டிடெக்டருக்குப் போகணும். ஐரோப்பாவில் ஒரு குழந்தைக்குக் குத்திவிடக் கூடாது என்கிற அக்கறை. நியாயம்தான், அதில் நமக்கு மறுப்பில்லை. உடைவதற்கு முன்னால் அந்த ஊசி யாருடைய விரலுக்குள் போய் வந்தது என்று எழுதத்தான் நோட்டில் கட்டம் இல்லை.

எர்கானமிக்ஸ் என்றொரு படிப்பு இருக்கிறது. ஆளை வேலைக்கு ஏத்த மாதிரி வளைக்காதே, வேலையை ஆளுக்கு ஏத்த மாதிரி அமை என்பதுதான் அதன் சாரம். முதுகு சாயும் நாற்காலி, மிஷின் மேசையின் உயரம், கண்ணைக் குத்தாத வெளிச்சம், நடுநடுவே ஓய்வு. நம்ம பொம்பளைங்களுக்குக் கிடைப்பது சாய்மானமில்லாத ஸ்டூல். செக்கிங்கில் நிற்பவளுக்கு அதுவும் கிடையாது. டார்கெட் தவறிடும்னு தண்ணியே குடிக்காமல் அடக்கிக்கொண்டு மூத்திரக் கடுப்போடு வீடு திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! உடம்பைப் பற்றிக் கம்பெனிக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். காலரைத் திருப்ப எத்தனை விநாடி, கை எங்கிருந்து எங்கே போகிறது என்று ஸ்டாப்வாட்ச் பிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அறிவு விநாடியைக் குறைக்கப் பயன்படுகிறது, வலியைக் குறைக்க அல்ல. நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் 44ஆம் பிரிவிலேயே சொன்னது. ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களுக்கு ஸ்டூல் போட, தமிழ்நாட்டில் 2021 வரை காத்திருந்து சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு பழைய கதை. பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் கூலி கூட. அங்கே தலித்துகளைச் சேர்க்கவில்லை. ஏன்? நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். சேரிக்காரன் எச்சில் பட்டதில் நான் வாய் வைப்பேனா என்றான் பக்கத்துத் தறிக்காரன். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைச் சங்கத் தலைவர்கள் முன்னால் வைத்தார். கருவியின் அமைப்பிலேயே தீண்டாமை குடியேற முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? எல்லார் நுரையீரலுக்குள்ளும் பஞ்சுத் தூசியை ஏற்றிய கருவி அது. அதை மாற்று என்று முதலாளியிடம் கேட்பதற்குப் பதிலாக, பக்கத்தில் நிற்பவனைத் தள்ளி வை என்று கேட்டார்கள்.

அது பம்பாய், அது பழசு என்று தள்ளிவிட முடியாது. திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் 2021 ஜனவரியில் பிணமாகக் கிடைத்தார். மேற்பார்வையாளர் கைதானார். எச் அண்ட் எம் போன்ற கம்பெனிகளுக்குத் துணி தைத்த ஆலை அது. தலித் பெண்கள் நிறைந்த, பெண்கள் தலைமையிலான டி.டி.சி.யூ. சங்கம் விடாமல் போராடி 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தத்தைப் பெற்றது. பாலின வன்முறையோடு சாதி வன்முறையையும் பெயர் சொல்லி எழுதிய ஒப்பந்தம். தொழிலாளிப் பெண்களே லைனுக்குள் கண்காணிப்பாளர்களாக நின்றார்கள். சூப்பர்வைசரின் நாக்கும் தரக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது அங்கேதான்.

நம்ம ஊருக்கு வருவோம். கருவடிக்குப்பம் என்றால் பாரதியின் குயில்தோப்பைச் சொல்வார்கள், சுடுகாட்டைச் சொல்வார்கள். விடியலில் சோத்துப் பையோடு கம்பெனிக்குக் கிளம்புகிறவளை யார் சொல்கிறார்கள்? 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி மில் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு அரசின் குண்டுக்குச் செத்தார்கள். அந்தப் போராட்டத்தில் வந்ததுதான் இங்கே எட்டு மணி நேர வேலை. ரோடியர் மில், பிறகு ஏ.எஃப்.டி., 2020இல் இழுத்து மூடப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதாவை நிறைவேற்றினார்கள். எதிர்ப்பைப் பார்த்து மே தினத்தன்று வாபஸ் வாங்கினார்கள். வாபஸ் வாங்கியது காகிதத்தை. ஓவர்டைம் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருப்பதை அல்ல.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. நோட்டு ஒன்று எடுத்துக்கொண்டு அவரவர் தெருவில் தையல் கம்பெனிக்குப் போகும் அக்காக்களிடம் உட்காருங்கள். ஸ்டூலுக்குச் சாய்மானம் உண்டா, ஒரு ஷிப்டில் எத்தனை தடவை எழுந்திருக்க விடுகிறார்கள், விரலில் ஊசி ஏறினால் மருந்துக்கு யார் காசு, திட்டும்போது சாதிப் பெயர் வருகிறதா, எந்த வேலையில் எந்தத் தெரு ஆட்கள். ஆள் பெயர் எழுத வேண்டாம், வேலை போய்விடும். எழுதியதைக் கொண்டு வாருங்கள், அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கி வைக்கிறோம்.