ஆணிவேர் என்னும் பூச்சாண்டி

நர்சரிக்குச் செண்பகக் கன்று வாங்கப் போகிறவர் முதலில் விலையைக் கேட்பதில்லை. "விதைக் கன்றா, பதியமா?" என்று கேட்கிறார். பதியம், அதாவது தாய்மரத்தின் கிளையில் வேர்விடச் செய்து பிரித்தெடுத்த கன்று, என்றதும் தொட்டியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். "பதியத்துக்கு ஆணிவேர் கிடையாது, ஒரு புயலுக்குத் தாங்காது." தோட்டக்காரர், மாமனார், வாட்ஸ்அப் குழு என எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவைத்த பாடம் இது. வியாபாரம் கெட வேண்டாமே என்று நர்சரிக்காரரும் தலையாட்டிவிடுகிறார். வீட்டு வாசலிலும் தெருவோரத்திலும் வைக்கிற பூமரங்களைப் பொறுத்தவரை இந்தப் பாடம் முழுக்கத் தவறு.

இது முளைத்த இடம் பள்ளிக்கூடம். முளைத்துப் பத்து நாள் ஆன அவரைச் செடியை வரைந்து ஆணிவேர், பக்கவேர் என்று பெயர் எழுதினோம். அந்தப் படத்தை அப்படியே பெரிதாக்கி, முப்பது வயது மரத்துக்கு அடியிலும் கடப்பாரை மாதிரி ஒன்று இறங்கியிருக்கும் என்று நம்பிக்கொண்டோம். மரம் வளர வளர அந்த முதல் வேர் பெரும்பாலும் பின்தங்கிவிடும். பக்கவாட்டில் ஓடும் வேர்கள்தான் தடித்து, தூரைச் சுற்றி அகன்ற தட்டாகப் பரவி மரத்தைத் தாங்குகின்றன. குத்துவிளக்கு நிற்பது அடிப்பாகம் அகன்றிருப்பதால்தானே, தரையில் அறைந்திருப்பதால் இல்லையே.

1987 அக்டோபர் 16 விடியற்காலையில் தென் இங்கிலாந்தை ஒரு புயல் புரட்டிப்போட்டது. சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. வேரோடு பெயர்ந்து கிடந்தவற்றை கியூ தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் முறையாக அளந்து பதிவு செய்தார்கள். ஆணிவேர் என்று சொல்லத்தக்க ஒன்று இருந்த மரங்கள் மிகச் சொற்பம். மற்றவற்றில் எல்லாம் ஆழம் குறைந்த, அகலமான வேர்த்தட்டுதான்.

"ஆணிவேர் இருந்த மரங்கள் விழாமல் நின்றிருக்கும், அதனால்தான் கணக்கில் வரவில்லை" என்று ஒருவர் மடக்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் வேருக்கும் மூச்சு வேண்டும். ஆழம் போகப் போக மண்ணில் காற்று குறைகிறது; களிமண், பாறை, நிலத்தடி நீர் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வருகிறது. நிற்கிற மரத்தைத் தோண்டிப் பார்த்தாலும் வேர்களின் பெரும்பகுதி மேல் ஒரு மீட்டருக்குள்தான் கிடைக்கும். இலகுவான, ஆழமான மண்ணில் சில இனங்கள் ஆழமாக இறங்குவது உண்மை. சாக்கடைக்கும் காம்பவுண்டு சுவருக்கும் இடையில் நாம் தோண்டுகிற இரண்டடிக் குழி அந்த வகையில் சேராது.

சரி, விதைக் கன்றிலாவது அந்த ஆணிவேர் பத்திரமாக இருக்கிறதா? பாலித்தீன் பையின் அடியை வேர் தொட்ட நாளே அதன் கதை முடிந்தது. வளைந்து, பைக்குள்ளேயே சுற்றிச் சுருண்டுகொள்கிறது. நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிர்வதில்லை. பல வருடம் கழித்துத் தூரையே நெரிக்கும். இதைத் தவிர்க்கத்தான் வனத்துறை நாற்றங்கால்களில் அடி திறந்த, உட்புறம் வரிவரியாக இருக்கும் ரூட் டிரெய்னர் குப்பிகள் வந்தன. கீழே இறங்கும் வேர்நுனி காற்றுப் பட்டுக் கருகட்டும் என்பதே அதன் வடிவமைப்பு. காடு வளர்க்கிறவர்களே ஆணிவேரின் நுனியைக் கருகவிடுகிறார்கள், நம் மாமனார் மட்டும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தெருவெங்கும் கிடந்தவை என்ன? குல்மோஹர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி. எல்லாம் வழக்கமாக விதையிலிருந்து வளர்க்கப்படுகிற மரங்கள். தூர் வரைக்கும் சிமெண்டு, ஒரு பக்கம் மழைநீர் வடிகாலுக்காக வெட்டப்பட்ட வேர், இன்னொரு பக்கம் கேபிள் பள்ளம். பழியைப் பதியத்தின் மேல் போட அங்கே வழியே இல்லை.

தண்டிலிருந்து வரும் வேர் மரத்தைத் தாங்காது என்பவர்கள் அடையாறு ஆலமரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். பிரம்மஞான சபைத் தோட்டத்தில் நிற்கும் அந்த மரத்தின் நடுத்தண்டு 1989இல் காற்றில் சாய்ந்தது. கிளையிலிருந்து இறங்கிய விழுதுகள் இன்றும் நிற்கின்றன. ஹௌரா தாவரவியல் தோட்டத்துப் பெரிய ஆலமரத்துக்கு 1925இலேயே நோய் கண்ட நடுமரத்தை எடுத்துவிட்டார்கள். அது விழுதுகளின் மேலேயே விரிந்துகொண்டு போகிறது. நம் சாலை ஓரத்து ஆல்களில் பலவும் போத்து நட்டு வளர்த்தவைதாம்.

ஹாங்காங்கின் கொடியில் இருக்கும் பூ இன்னும் பெரிய சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கடற்கரையோரம் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கண்ட மந்தாரை மரம் அது. நம் தோட்டங்களிலும் நிற்கிற இரண்டு மந்தாரை இனங்களின் கலப்பு. மலடு, சாதாரணமாகக் காய் பிடிக்காது. இன்று உலகம் முழுக்க இருப்பவை அந்த ஒற்றை மரத்தின் குச்சியிலும் பதியத்திலும் ஒட்டிலும் வந்த வாரிசுகள். விதைக் கன்றுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அந்த மரம் அந்தக் கரையிலேயே அழிந்திருக்கும். அதன் கிளை பலத்த காற்றில் எளிதாக முறியும் என்பது உண்மை. அது கட்டையின் பலவீனம், வேரைக் குற்றம் சொல்ல முடியாது.

கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விடச் செய்யும் விண்பதியத்தில் மந்திரம் எதுவுமில்லை. மழைக்காலத்தில் பென்சில் முதல் பெருவிரல் வரை தடிமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழுவழுப்பு போகச் சுரண்டி, ஈரப்பாசியோ நார்க்கழிவோ வைத்துப் பாலித்தீன் சுற்றிக் கட்டுகிறோம். தண்ணீர் உள்கட்டை வழியே மேலே போய்க்கொண்டே இருக்கும். இலை சமைத்த சர்க்கரையும் வேரூக்கியான ஆக்சினும் பட்டை வழியே கீழே வர முடியாமல் வளையத்தின் மேல்விளிம்பில் தேங்கும். பட்டையை உரித்தால் மேல்விளிம்பு வீங்குவதை இத்தாலிய உயிரியலாளர் மால்பிகி 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். அந்த வீக்கத்திலிருந்து சுற்றிலும் வேர் விடுகிறது. தூரில் வேர் எல்லாத் திசையிலும் அழகாகப் பரவ வேண்டும் என்று விரும்பும் போன்சாய்க்காரர்கள் இதற்காகவே விண்பதியத்தைத் தேடிப்போகிறார்கள்.

கெட்ட பதியமும் சந்தையில் உண்டு. நாலு வேர் வெள்ளையாகத் தெரிந்ததுமே அறுத்து விற்றுவிடுவது, ஒரே பக்கம் வேர்விட்டதைப் பைக்குள் மறைப்பது எல்லாம் நடக்கிறது. இளம் பதிய வேர் எளிதில் ஒடியும். முதல் ஓரிரு வருடம் முட்டுக்கொம்பு இல்லாமல் விட்டால் சாயும்தான். அப்படிச் சாய்ந்த ஒன்றிரண்டைப் பார்த்துத்தான் இந்தப் பூச்சாண்டி பிறந்திருக்க வேண்டும். ஏரிக்கரையிலும் மானாவாரி நிலத்திலும் வேம்பு வைக்கிறவர் விதையை நேரே ஊன்றட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அங்கே வறட்சியைத் தாங்க ஆழம் வேண்டும். ஒரே மரத்தின் நகல்களால் காட்டை நிரப்புவதும் ஆபத்து.

வாசல் செண்பகத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. விதைக் கன்று பூக்க எட்டு, பத்து வருடம்கூட ஆகும். பூவின் நிறமும் மணமும் தாய்மரம் மாதிரி இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. முதிர்ந்த கிளையில் போட்ட பதியம் இரண்டு மூன்று வருடத்தில் தாயின் பூவையே பூக்கும். கடைக்காரரிடம் விதையா பதியமா என்று கேட்பதை விட்டுவிட்டு, பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். சுருண்டிருந்தால் விதைக் கன்றையும், ஒரு பக்கமே வேர் இருந்தால் பதியத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தேறியதை ஆழத்தைவிட அகலம் அதிகமான குழியில் நட்டு முட்டுக்கொம்பு கொடுங்கள். அப்புறம் அடுத்த முறை வடிகால் தோண்ட ஆள் வரும்போது வாசலில் நில்லுங்கள்.