கேப்லினைக் கடலுக்கே விடுங்கள்

வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் வாழும் கேப்லின் மீன் பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். ஒல்லியான உடல், ஆலிவ் பச்சை முதுகு, வெள்ளிப் பக்கங்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் பக்கவாட்டில் செதில்கள் நீண்டு, மயிரடர்ந்த வரப்புபோல் புடைக்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஜூன், ஜூலை மாதங்களில் இவை அலையோடு கூட்டங்கூட்டமாகக் கரையேறும். பெரும்பாலும் இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணை நடுவில் அணைத்துக்கொள்ள, முட்டைகள் கூழாங்கற்களில் ஒட்டிக்கொள்ளும். ஆண்களில் பெரும்பாலானவை அத்தோடு மடிந்துபோகும். ஊரார் வாளியும் வலையுமாக வந்து அள்ளுவார்கள். உப்பிட்டு உலர்த்துவார்கள், தோட்டத்துக்கு உரமாகவும் இடுவார்கள். அந்த அளவான பங்கை நான் குறை சொல்லமாட்டேன். என் வருத்தம் வணிகப் பிடிப்பின் மீது. முட்டை நிறைந்த பெண் மீனுக்குத்தான் சந்தையில் விலை. ஆகவே முட்டையிடப் போகிற நேரம் பார்த்தே வலை விழுகிறது. காட் மீன், திமிங்கிலம், பஃபின் பறவை எல்லாம் பசியாறுவது கேப்லினால்தான். 1990களின் தொடக்கத்தில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இதன் கூட்டம் சரிந்தது. அதிகம் பிடிக்கப்பட்டு அருகிப்போன காட் மீனைப் பிடிக்க 1992இல் தடை வந்தது. அந்தக் காட் மீண்டும் பெருகுவதற்கும் இரை வேண்டுமே! பழைய பெருக்கத்தைக் கேப்லின் இன்றுவரை எட்டவில்லை. எட்டும்வரை அங்கே வணிகப் பிடிப்பை நிறுத்திவைப்பதே நியாயம்.