காடும் நம் கடையில்தான் இருக்கிறது



வெள்ளானூரில் மளிகைக்கடை நடத்துபவன் நான். சில மாதங்களுக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர் வந்து, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் ஆறு, ஃபெவிகால் ஒரு டப்பா, விலை குறைந்த டீத்தூள் நூறு கிராம் கேட்டார். "என்ன தம்பி, ஹாஸ்டல் பாத்திரம் முழுக்க நீங்களே கழுவுறீங்களா?" என்றேன். "இல்லண்ணா, காடு செய்யப் போறேன்" என்றார்.

மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, அளவுகோலால் தூரம் அளந்து ஆடும் போர் விளையாட்டாம் அது. 1824ல் பிரஷ்ய ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கு வந்த ஆட்டம். பொம்மை வீரர்களை வைத்து வீட்டில் ஆட, ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிப் புத்தகமே எழுதினார். நிஜ டாங்கி செய்யும் ஆவடிக்குப் பக்கத்தில் இருந்தும் எனக்கு இது புதிய சேதி!

தம்பியின் வீரர்கள் 6 மில்லிமீட்டர் உயரம்; மிளகைவிடச் சற்றே பெரிது. கட்டுக்கம்பியை முறுக்கினால் அடிமரமும் கிளையும். நாரைப் பிய்த்து ஒட்டினால் இலைக்கொத்து. வடிகட்டிய டீத்தூள் சக்கையைக் காயவைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகால்மேல் தூவினால் காட்டுத் தரை. கோணல்மாணலாக வெட்டிய கெட்டி அட்டைதான் காட்டின் எல்லை. மரங்களை அதில் நிரந்தரமாக ஒட்டுவதில்லை. படை உள்ளே நுழையும்போது மரத்தை எடுத்துவிட்டு வீரர்களை வைக்க வேண்டுமே! இதே மரங்களை ஆன்லைனில் வாங்கினால் கட்டுப்படியாகவில்லை என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நவராத்திரிக்குக் கொலுப் பூங்கா, டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கண்காட்சி மாடல் எல்லாவற்றிலும் இதே காடுதானே? கேழ்வரகும் கடுகும் முளைகட்டிப் பூங்கா போட்டவர்கள் நம் வீட்டுப் பெண்கள். தேங்காய் நார், பஞ்சு, மரக்கட்டை போலத் தெரியும் பட்டை, எல்லாம் நம் அலமாரியில் இருக்கின்றன. ஆனால் "எதுக்கும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்க நமக்கு நேரமில்லை.

இதில் எத்தனை ரூபாய் வியாபாரம் என்று சிலர் கேட்கலாம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் பொம்மைச் சரக்கு வாங்கிப் போட்டால், விற்காவிட்டால் முதல் முடங்கும். இங்கே அந்தப் பயமில்லை. காட்டுக்குப் போகாத கடுகு தாளிப்புக்குப் போகும். நார் பாத்திரம் தேய்க்கப் போகும். தேவையானதை ஒரே காகிதப் பையில் சேர்த்து, செய்முறையைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. சாயம் ஏற்றிய மரத்தூள், வண்ணப் பொடிகளை உணவுப் பொருளின் பக்கத்தில் வைக்காதீர்கள். வருடக்கணக்கில் வைத்திருக்கும் மாடலுக்குத் தானியம் வேண்டாம், வண்டு வரும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் மறுபடி வருவார்.

விலையில் பெரிய நிறுவனங்களோடு நாம் மல்லுக்கட்ட முடியாது. வீடு தேடிச் சரக்கு கொடுப்பதிலும் அவர்கள் முந்திக்கொண்டார்கள். வாங்குபவரின் முகம் பார்த்து, தேவை கேட்டு, யோசனை சொல்லும் வாய் மட்டும் நம்மிடம் மிச்சமிருக்கிறது. அதையும் செல்போனுக்குள் புதைத்துவிட்டு, "வியாபாரம் இல்லை" என்று புலம்பினால் பழி யார்மேல்?

நாளைக் காலை கடை திறந்ததும், வழக்கத்துக்கு மாறாக எதையாவது கேட்கும் முதல் வாடிக்கையாளரிடம் "எதற்கு?" என்று அன்போடு கேட்டுப் பாருங்கள்.

— வெள்ளானூர் வணிகர் ஒருவர்